முதல் பார்வை தீர்ந்துபோன வீடு

மொத்தம் முப்பத்தேழு நாட்கள், நான்கு மணி நேரம். அதற்குள் வீட்டுக்குத் தோற்றச் சான்று வாங்கியாக வேண்டும். தவறினால் வாங்குபவர் அடுத்த தெருவில் இருக்கும் இன்னொரு வீட்டுக்குப் போய்விடுவார் என்று அவருடைய வக்கீல் எழுதியிருந்தார். கடிதத்தை அவள் நான்காவது முறை படித்து மடித்தபோது, நான்கு மணி நேரம் மூன்றே முக்காலாகக் குறைந்திருந்தது.

அவளுக்கு மருந்துக் கிடங்கில் வேலை. பெட்டிகளில் காலாவதித் தேதி தாண்டிவிட்டதா என்று பார்க்க வேண்டும். பத்தொன்பது வருடம் இதையே செய்ததில் கிடங்கில் அவளுக்குக் காலாவதி என்றே பெயர் விழுந்துவிட்டது. அவளும் திரும்பிப் பார்க்கப் பழகிவிட்டாள். இப்போது கிடங்கை எட்டு மணி நேரப் பயணத் தொலைவுக்கு மாற்றிவிட்டார்கள். அங்கே தரைத்தளத்தில் இரண்டு அறை உள்ள ஒரு வீட்டைப் பேசி வைத்திருந்தாள். இந்த வீடு விற்றால் அந்த வீடு. விற்காவிட்டால் அவள் அங்கே, அப்பா இங்கே. அப்பாவுக்கு எழுபத்தாறு வயது. அடுப்பை அணைத்தோமா என்று தினமும் மூன்று முறை போய்ப் பார்ப்பார். அதில் ஒரு முறை பற்றவைத்துவிட்டு வருவார்.

அப்பா லிஃப்ட் மெக்கானிக்காக இருந்து ஓய்வுபெற்றவர். வீட்டை அம்மா மகள் பெயருக்கு எழுதிவைத்துவிட்டுப் போயிருந்ததால் விற்பதற்கு அவர் கையெழுத்து வேண்டியதில்லை. ஆனால் கையெழுத்தே இல்லாமல் காரியத்தைத் தடுக்கும் வித்தை அவருக்குத் தெரியும். நாற்காலியில் உட்கார்ந்தால் எழுந்திருக்க மாட்டார்.

"ஒரு குடும்பம் வந்து வாழப் போகுதுன்னு சொல்லு, இன்னைக்கே பெட்டியக் கட்டறேன்," என்று ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டார். "சும்மா பூட்டிப் போடறவனுக்கும் குடோன் வைக்கிறவனுக்கும்னா நான் வரல. நீ போயிட்டு வா."

வாங்குபவர் யார், என்ன செய்யப்போகிறார் என்பது காலாவதிக்குத் தெரியும். அப்பாவிடம் சொல்லவில்லை. சொல்லிவிட வேண்டும் என்று தினமும் காலையில் அவர் எதிரே போய் நின்றாள். வாயைத் திறந்தால், "டீ போடட்டுமாப்பா?" என்றுதான் வந்தது. அந்த வாரம் அப்பா வழக்கத்தைவிட நிறைய டீ குடித்தார்.

முப்பது வயதைத் தாண்டிய எந்த வீட்டையும் இல்லத் தோற்ற வாரியத்தின் சான்று இல்லாமல் விற்க முடியாது. வாரியத்தின் கட்டடத்துக்கு அறுபது வயது இருக்கும். கூடத்தின் நடுவில் கூரை ஒழுகும் இடத்தில் ஒரு வாளி வைத்திருந்தார்கள். வாளியைச் சுற்றி வரிசை வளைந்து போயிற்று. மூன்றாம் கவுண்டரில் இருந்தவர் நிமிர்ந்து பார்க்காமல் கேட்டார்.

"வீட்டுக்கு என்ன வயசு?"

"முப்பத்திநாலு சார்."

"பாத்தா எவ்வளவு தெரியும்?"

"முப்பத்திநாலுதான் சார் தெரியும்."

"அதாம்மா பிரச்சனை." படிவத்தில் எதையோ குறித்தார். "அலங்காரத்துக்கு எவ்வளவு செலவு பண்ணப் போறீங்க?"

"எவ்வளவு கம்மியா முடியுமோ..."

"அப்ப நீங்க குறைந்த செலவுப் பிரிவு. வீட்டப் பாத்தா நெறைய செலவு பண்ணின மாதிரி இருக்கணும். ரசீதப் பாத்தா செலவே பண்ணாத மாதிரி இருக்கணும். ரெண்டுல எது தவறினாலும் முதல்லேருந்து வரணும்."

படிவத்தில் நாற்பத்தொரு கேள்விகள். கடைசிக் கேள்வி, வாங்குபவரின் நோக்கம். காலாவதி நான்கு சொல்லில் அதை எழுதிக் கொடுத்தாள். கவுண்டர்காரர் படித்தார், முத்திரை குத்தினார். அவர் முகத்தில் ஒன்றும் மாறவில்லை. அவளுக்குப் பொறுக்கவில்லை.

"சார், நோக்கம் இப்படி இருக்கறப்ப... இந்த பெயின்ட்டு, அலங்காரம் எல்லாம் எதுக்கு சார்?"

"எப்படி இருக்கறப்ப?" அவர் திரும்பப் படித்துப் பார்த்தார். "ஓ, இதுவா! வாரத்துக்கு நாலு வருதும்மா. எந்த நோக்கமா இருந்தாலும் சான்று இல்லாத வீட்டுல யாரும் ஒரு ஆணியக்கூடப் பிடுங்க முடியாது. வாங்கறவன் மூஞ்சியப் பாத்துச் சட்டத்த மாத்திக்கிட்டு இருக்க முடியுமா? நகருங்க."

நான்காம் நாள் வாரியத்திலிருந்து ஒருவர் வந்தார். அவருடைய பதவியின் பெயர் முதல் பார்வையாளர். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுப் பையிலிருந்து கறுப்புத் துணியை எடுத்துக் கண்ணைக் கட்டிக்கொண்டார்.

"கூடத்து நடுவுல கொண்டு நிறுத்துங்க," என்றார். "ஒருத்தர் ஒரு வீட்டுக்குள்ள காலெடுத்து வெக்கிற அந்த முதல் நிமிஷம் இருக்கே, அதுக்குத்தாம்மா அரசாங்கம் எனக்குச் சம்பளம் குடுக்குது. ரெண்டாவது நிமிஷத்துக்கு எனக்கு அதிகாரம் கிடையாது."

அப்பா அவர் கையைப் பிடித்து உள்ளே அழைத்துப்போனார். போகிற வழியில் அவரை அலமாரியில் ஒரு முறை இடிக்க வைத்தார். வேண்டுமென்றே செய்தாரா என்று காலாவதிக்குச் சந்தேகம்.

முதல் பார்வையாளர் துணியை அவிழ்த்தார். பார்த்தார். "ஐயோ," என்றார். அதை அப்படியே குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார்.

ஐயோ என்று சொல்ல அந்த வீட்டில் விஷயம் இருக்கத்தான் செய்தது. லிஃப்டிலிருந்து கழித்துப்போட்ட எதையும் அப்பா குப்பைக்குப் போகவிட்டதில்லை. சமையலறை அலமாரித் தட்டு எடைக்கல் கட்டி மேலும் கீழும் போய்வந்தது. வாசல் மணி நான்காவது மாடி வந்துவிட்டது என்று அறிவிக்கும் மணி. குளியலறையில் ஆள் இருந்தால் கதவுக்கு மேல் சிவப்பு அம்பு எரியும், வெளியே வந்தால் பச்சை அம்பு. விருந்தாளிகள் பச்சை அம்பைப் பார்த்து மேலே எங்கே போவது என்று கேட்பார்கள். முப்பத்துநான்கு வருடமாக அப்பா அதற்குச் சிரித்துக்கொண்டிருந்தார்.

முதல் பார்வையாளர் அறை அறையாக எண்ணினார்.

"வாழ்ந்த தடயம் அறுபத்திரெண்டு. அனுமதி மூணுதான்."

"அந்த மூணு எது சார்?" என்றார் அப்பா.

"கதவு, ஜன்னல், கூரை."

"முப்பத்திநாலு வருஷம் இருந்திருக்கோம். தடயம் இல்லாம எப்படி சார் இருக்கும்?"

"இருந்தது உங்க சொந்த விஷயம் பெரியவரே. அதக் கொண்டுபோய் வாங்கறவரு தலையில ஏன் கட்டறீங்க? யாரோ வாழ்ந்த வீட்டுல வாழறோம்னு தோணினா மனுஷன் சோர்ந்துபோயிடறான். வாரியம் ஆய்வு பண்ணிக் கண்டுபிடிச்சிருக்கு." கிளம்பும்போது ஒரு வண்ண அட்டையைக் கொடுத்தார். அதில் ஒரே ஒரு கட்டம் இருந்தது. பொது வெள்ளை, எண் நான்கு.

ஆள் வைத்து வண்ணம் அடித்தால் ரசீது எகிறும். அப்பாவே ஏணி போட்டார். அவள் வேலை முடிந்து வந்து கீழ்ப்பாதியை அடித்தாள், அவர் பகலெல்லாம் மேல்பாதியை அடித்தார். இருவரின் கோடும் சந்திக்கிற இடத்தில் மட்டும் வண்ணம் இரட்டிப்பாக நின்றது. அதைத் தேய்த்துச் சரிசெய்ய இரண்டு நாள் போயிற்று. சிவப்பு அம்பையும் பச்சை அம்பையும் அப்பா கழற்றியபோது, அவள் கடைக்குப் போவதாகச் சொல்லிவிட்டு வெளியே போனாள். கடையில் வாங்க ஒன்றும் இல்லை. உப்பு வாங்கிக்கொண்டு வந்தாள்.

பதினைந்தாம் நாள் சுற்றறிக்கை வந்தது. எண் நான்கு காலத்துக்கு ஒவ்வாதது, இனி எண் ஐந்து. அவள் வண்ணக் கடைக்கு ஓடினாள். கடைக்காரர் இரண்டு டப்பாவையும் எடுத்து வைத்தார். மருந்துப் பெட்டிகளைப் பார்த்துப் பழகிய கண். அவள் சிறிய எழுத்தைப் படித்தாள். தயாரித்த நாள், தொகுதி எண், சேர்மானம் எல்லாம் ஒன்று.

"ரெண்டும் ஒண்ணுதானே அண்ணே?"

"ஒண்ணுதாம்மா. மேல ஸ்டிக்கர் வேற."

"அப்ப நான் அடிச்சது அஞ்சுதான்னு ஒரு வார்த்தை எழுதிக் குடுங்களேன்."

"நீ அடிச்சப்ப அது நாலும்மா. நான் பொய் எழுதிக் குடுத்தா கடைய மூடிடுவான்."

விஷயத்தைக் கேட்ட அப்பா, "பேசாம செவுத்துல ஸ்டிக்கர ஒட்டிடலாமா?" என்றார். காலாவதி மறுநாள் விடுப்புப் போட்டுவிட்டு மூன்றாம் கவுண்டருக்குப் போய் அதையே கேட்டாள், கொஞ்சம் மரியாதையாக. அவர் யோசித்தார். விதிப் புத்தகத்தைப் புரட்டினார். ஒட்டலாம் என்றார். ஒரு சுவருக்கு ஒன்று, இடது கை மூலையில், தரையிலிருந்து ஒரு சாண். அந்த ஒன்று மட்டும் சுலபமாக நடந்ததால் அவளுக்குப் பயமாக இருந்தது.

பயம் வீண்போகவில்லை. "தடயத்த எடுத்துட்டீங்க, சரி. ஆனா காலியா இருந்தாலும் சோகம் வரும்," என்று சொல்லி, கவுண்டருக்கு அடியிலிருந்து பெரிய சட்டம் போட்ட படம் ஒன்றை எடுத்துக் கொடுத்தார். வாரியத்தின் மாதிரிக் குடும்பப் படம். கணவன், மனைவி, ஒரு பையன், முன்பல் இல்லாமல் சிரிக்கும் ஒரு சின்னப் பெண். எல்லா வீட்டுக் கூடத்திலும் இதே படம்தான் மாட்ட வேண்டும். யாருக்கும் இவர்களைத் தெரியாது என்பதால் இவர்களைப் பார்த்து யாரும் சோர்வதில்லையாம்.

பஸ்ஸில் அதை மடியில் வைத்துக்கொண்டு வந்தாள். உள்ளே நுழையும்போதே அப்பா எழுந்து வந்து வாங்கிக்கொண்டார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"இவங்கதானா?" என்றார்.

அவளுக்கு முதலில் புரியவில்லை.

"முன்னாடியே படம் மாட்டச் சொல்லிட்டாங்களா? நல்ல ஜனங்களாத்தான் தெரியுது. வர்ற எடத்து மேல ஆசை இல்லாம யாராவது படத்தக் குடுத்து அனுப்புவாங்களா?" அவர் சின்னப் பெண்ணின் முகத்தை விரலால் தொட்டார். "இவளுக்கு ஆறு வயசு இருக்குமா? பல்லு விழுந்திருக்கு பாரு."

இல்லை என்று சொல்ல ஒரு வினாடி இருந்தது. அந்த வினாடியில் அவள் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்தபோது அப்பா ஆணியும் சுத்தியலும் எடுக்கப் போய்விட்டார்.

அன்று முதல் அப்பாவைப் பிடிக்க முடியவில்லை. வாரியத்துக்காக அரைமனதோடு சுவரைத் தேய்த்தவர் இப்போது சீட்டியடித்துக்கொண்டு தேய்த்தார். மாடிப்படிக் கைப்பிடியில் சிலாம்பு இருக்கக் கூடாது என்று இரண்டு நாள் உப்புத்தாள் போட்டார். "குழந்தைங்க கையில குத்திடும்," என்றார். ஜன்னல் கொக்கிகளுக்கு எண்ணெய் விட்டார். "அந்தப் பையன் முரடன் மாதிரி இருக்கான், உடைச்சாலும் உடைப்பான்."

"அப்பா..."

"என்னம்மா?"

"டீ?"

"இப்பத்தானே குடிச்சோம். உனக்கு என்ன ஆச்சு?"

மீதி பன்னிரண்டு நாள் இருந்தபோது முதல் பார்வையாளர் மீண்டும் வந்தார். வாசல்படி வரை வந்தவர் நெற்றியில் அடித்துக்கொண்டார்.

"நான் உள்ள வர முடியாதும்மா. இந்த வீட்ட நான் ஏற்கனவே பாத்துட்டேன்."

"பாத்ததனாலதானே சார் மாத்தச் சொன்னீங்க?"

"அதேதான். இப்ப பாத்தா அது ரெண்டாவது பார்வை. நான் முதல் பார்வையாளர்." அவருக்கே வருத்தமாகத்தான் இருந்தது. "எங்க துறையில மொத்தம் மூணு பேர். இன்னொருத்தர அனுப்பறேன்."

இரண்டு நாள் கழித்து இன்னொருவர் வந்தார். கண்ணைக் கட்டிக்கொண்டார், நடுக்கூடத்தில் அவிழ்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. அது நல்ல குறி என்று காலாவதிக்குத் தெரியும். வெள்ளைச் சுவர், இடது மூலையில் ஸ்டிக்கர், மாதிரிக் குடும்பம். கதவு, ஜன்னல், கூரை. பேனாவைத் திறந்தவர், சின்ன அறை வாசலில் நின்றுவிட்டார்.

"இந்த சுவிட்ச் ஏன் இவ்வளவு கீழ இருக்கு?"

அவளும் அப்போதுதான் பார்த்தாள். அவள் வேலைக்குப் போயிருந்த நேரத்தில் சுவரைக் கொத்தி, ஒயர்க் குழாயை இறக்கி, பூசி, மேலே வெள்ளையடித்து சுவிட்சை ஓர் ஆறு வயதுக் குழந்தையின் தோள் உயரத்துக்கு இறக்கியிருந்தார் அப்பா. வேலை அவ்வளவு சுத்தம்.

"அந்தப் பொண்ணுக்கு எட்டணும்ல சார்," என்றார் அப்பா. "இருட்டுல பயப்படுமே."

"எந்தப் பொண்ணு?"

காலாவதி அவசரமாகக் குறுக்கே வந்து, "சார், அது பொதுவா... குழந்தைங்களுக்கு," என்றாள்.

இரண்டாமவர் பேனாவை மூடினார். கோபமெல்லாம் இல்லை, பாடம் நடத்துகிற மாதிரிதான் பேசினார். "பெரியவரே, சுவிட்ச் எந்த உயரத்துல வேணாலும் இருக்கலாம். ஆனா இத நீங்க யாரையோ மனசுல நெனச்சு வெச்சிருக்கீங்க. பாத்த உடனே தெரியுது. யாரையும் நெனச்சு ஒரு வீட்ட அலங்காரம் பண்ணக் கூடாது. தடயம் நாலு. நிராகரிப்பு."

அப்பா சுவிட்சை மேலே ஏற்றினார். ஏற்றும்போது சீட்டியடிக்கவில்லை. "வந்தப்புறம் அவங்கப்பன்கிட்டச் சொல்லி எறக்கிக்கச் சொல்லு. ஸ்க்ரூ சைஸ எழுதி வெச்சுட்டுப் போறேன்," என்று மட்டும் சொன்னார்.

மூன்றாமவர் வர மாட்டார். சென்ற வருடம் எதிர்வீட்டை ஆய்வு செய்துவிட்டு வெளியே வந்தபோது இந்த வீட்டின் வாசல் அவர் கண்ணில் பட்டுவிட்டதாக அவரே நேர்மையாக எழுதிக் கொடுத்திருந்தார். ஆக, வாரியத்தின் கையிருப்பில் இந்த வீட்டுக்கான முதல் பார்வை தீர்ந்துபோயிற்று. காலாவதி மூன்றாம் கவுண்டரின் முன் நின்று அழுதாள். அழுவதற்கு ஏழாம் கவுண்டர் என்று அவர் கைகாட்டினார். அங்கே ஏற்கனவே வரிசை நின்றது.

ஏழாம் கவுண்டரில் ஒரு வழி சொன்னார்கள். முதலில் வந்தவர் ஆறு நாள் மறதி விடுப்பு எடுத்துக்கொண்டு, வீட்டை மறந்துவிட்டதாகத் தேர்வு எழுதித் தேறினால் மீண்டும் முதல் முறையாகப் பார்க்கலாம். நல்ல மனிதர், விடுப்புக்கு எழுதிப் போட்டார். விடுப்பின் நான்காம் நாள் பஸ் நிறுத்தத்தில் அவளைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"எதிர்ல வராதீங்கம்மா, ப்ளீஸ். கஷ்டப்பட்டு மறந்துக்கிட்டு இருக்கேன். கூடம் போச்சு, சமையலறை போச்சு. அந்த பாத்ரூம் அம்பு மட்டும்தான் போக மாட்டேங்குது."

தேர்வில் ஒரே ஒரு கேள்வி வந்ததாம். வீட்டைப் பற்றி நினைவிருப்பதை எழுதுக. அவர் சிவப்பு அம்பைப் படம் வரைந்து பாகம் குறித்துவிட்டு வந்தார்.

கடைசி நாள். மீதி ஐந்து மணி நேரம் இருந்தபோது வாசலில் ஒரு கார் வந்து நின்றது. கண் கட்டிய ஓர் அம்மாள் இறங்கினார். வாரியத்தின் மேலாளர். பின்னால் அவருடைய குமாஸ்தா கோப்பைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

அப்பா புதுச் சட்டை போட்டிருந்தார். இரண்டு பெட்டிகளையும் கயிறு போட்டுக் கட்டி வாசலில் வைத்திருந்தார். "மேடம், படி இருக்கு, பாத்து," என்றார்.

"பாக்கக் கூடாதுங்கறதுக்குத்தானே கட்டியிருக்கேன்," என்று மேலாளர் சிரித்தார். நடுக்கூடத்தில் நின்று துணியை அவிழ்த்தார். சுற்றிலும் ஒரு முறை திரும்பினார். அவர் கண் கலங்கிவிட்டது.

"அருமை. ஒரு மனுஷன் வாழ்ந்த மாதிரியே இல்ல!" குமாஸ்தாவைப் பார்த்தார். "எழுதிக்குங்க. இருபத்தாறு வருஷமா இந்த வாரியத்துல இருக்கேன். இதுவரைக்கும் ஒரு வீட்டக்கூட நேர்ல பாத்ததில்ல. என் பார்வையக் கெடாம வெச்சிருந்தேன். கேட்டவங்களுக்கெல்லாம் சொல்லுவேன், வீட்டப் பாத்துட்டா வீட்டப் பத்தி முடிவெடுக்க முடியாது. மனசு இளகிடும். எங்க ஆளுங்கள்ல ரெண்டு பேர் அப்படித்தான் கெட்டுப்போனாங்க."

"பாஸ் ஆயிடுச்சா மேடம்?" என்றார் அப்பா.

"ஆயிடுச்சு பெரியவரே. உறுதிமொழி மட்டும் பாக்கி."

குமாஸ்தா ஒரு தாளை நீட்டினார். மூன்று பத்தி. விற்பவர் கூடத்தில் நின்று உரக்கப் படிக்க வேண்டும். வீட்டில் குடியிருக்கும் மற்றவர் கடைசி அறையில் நின்று, ஒவ்வொரு பத்திக்கும் கேட்கிறது என்று குரல் கொடுக்க வேண்டும். மூன்று குரலும் வந்தால்தான் கையெழுத்து. சொந்த ஆளிடம் மறைத்து யாரும் வீட்டை விற்றுவிடக் கூடாது என்பதில் வாரியம் மிகுந்த அக்கறை எடுத்துக்கொள்வதாக மேலாளர் விளக்கினார்.

காலாவதி மூன்றாம் பத்தியைப் பார்த்தாள். நாற்பத்தொன்றாம் கேள்விக்கு அவள் எழுதிய பதிலை நாளும் நேரமும் சேர்த்துத் தட்டச்சு செய்திருந்தார்கள்.

"மேடம், நான் எழுதிக் குடுத்துடறேனே. அவருக்குக் காது..."

"காதெல்லாம் நல்லாத்தான் கேக்குது எனக்கு," என்று சொல்லிவிட்டு அப்பா கடைசி அறைக்கு நடந்தார். கதவுகளை ஒவ்வொன்றாகத் திறந்துவைத்துக்கொண்டே போனார். எதுவும் கிரீச்சிடவில்லை. எல்லாவற்றுக்கும் எண்ணெய் விட்டிருந்தார்.

"ஒன்று. இந்த வீட்டின் உரிமையாளரும் விற்பவரும் நானே."

"கேக்குது!" என்று உள்ளிருந்து குரல் வந்தது.

"இரண்டு. இந்த வீட்டில் நாங்கள் வாழ்ந்ததற்கான தடயம் எதுவும் இல்லை."

"கேக்குது! நான்தானே சொரண்டினேன்!"

குமாஸ்தா சிரித்தார். காலாவதி மூன்றாவதைத் தாளுக்குள்ளேயே படித்தாள்.

"கேக்கலம்மா!"

மேலாளர் கடிகாரத்தைப் பார்த்தார். "ஏம்மா, சத்தமாப் படிக்கறதுக்கு என்ன? நல்ல நோக்கம்தானே. அடுத்த கவுண்டர்ல இதுக்கு அனுமதி குடுத்து ஒரு மாசம் ஆச்சு. இந்தச் சான்றுக்காகத்தான் அவங்க வண்டிய நிறுத்தி வெச்சிருக்காங்க."

அவள் மறுபடி படித்தாள். முதல் சொல்லுக்குப் பிறகு குரலை இறக்கிக்கொண்டாள்.

"பாதிதாம்மா வந்துது," என்றார் அப்பா. "வாங்குபவர்னு வந்துது. அப்புறம் காணோம். அவங்கதானே, அந்தக் குழந்தைங்க வீட்டுக்காரங்க? எப்ப வர்றாங்களாம்?"

சுவர்களில் இப்போது அந்தப் படத்தையும் ஸ்டிக்கரையும் தவிர ஒன்றுமே இல்லாததால் குரல் நன்றாக எதிரொலித்தது. குமாஸ்தா பேனாவைத் திறந்து மேலாளரிடம் கொடுத்தார். காலாவதி தாளை மடித்துக் கையில் வைத்துக்கொண்டாள். அந்த வீட்டில் அவள் அதுவரை கத்தியதே இல்லை.

"யாரும் குடிவரலப்பா. திங்கக்கிழமை காலையில ஒன்பது மணிக்கு வீட்ட இடிக்கப் போறாங்க."